மீத்தேனைப் படம் பிடித்த கதை

மன்னார்குடி,
மாசி மாதம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிகிற கட்டம். இந்த வருஷம் காலைப் பனி விடவே மாட்டேன் என்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். மச்சான் தார்ரோட்டு ஓரத்தில் நெல்லைக் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே இருக்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

மகள் வீட்டுக்குக் கனடா போனவன் ஏரியைப் படம் எடுத்து வந்திருக்கிறேன் என்று போனில் சொன்னதற்கு, “ஐஸ்ல என்னடா இருக்கு படம் எடுக்க?” என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது. விவரமாகவே சொல்கிறேன்.

அது ஆபிரகாம் ஏரி. கல்கரியிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, ராக்கி மலைகளை ஒட்டி. பிக்ஹார்ன் அணையை 1972-ல் கட்டி வடக்கு சஸ்காட்செவன் ஆற்றைத் தேக்கியதில் உண்டான ஏரி. அதனால் நம் வடுவூர் ஏரியைப் போல அதுவும் அணைக்காரர்கள் சொன்னபடி கேட்கிற தண்ணீர்தான். மேட்டூரில் திறந்தால் இங்கே ஏரி ஏறும். அங்கே மின்சாரத்துக்குத் தண்ணீரை விட்டால் ஐஸுக்கு அடியில் மட்டம் இறங்கிவிடும். மேலே ஐஸ், கீழே வெற்றிடம் என்று சில இடங்களில் அந்தரத்தில் நிற்கும். தெளிந்த ஐஸ் 10 சென்டிமீட்டர் கனம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆனால் இந்த ஏரியில் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லி, இடம் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்து வந்தார். ஷூவுக்கு அடியில் ஆணி வைத்த ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு போனோம். அது இல்லாமல் ஒரு எட்டுக்கூட எடுத்து வைக்க முடியாது.

பனி கொட்டுகிற ஊரில் ஏரி எல்லாம் வெள்ளைப் போர்வைக்கு அடியில்தான் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே அப்படி இல்லை. மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று இருக்கிறதே, ஆளைத் தள்ளுகிற காற்று, அது ஐஸின் மேலிருந்து பனியைப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. காலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி கறுத்த ஐஸ். அதற்குள்தான் குமிழிகள். உள்ளங்கை அகலத்திலிருந்து தாம்பாளம் அகலம் வரைக்கும், தட்டைத் தட்டையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அப்பளக் கட்டைப் பிரித்து அந்தரத்தில் அடுக்கினது போல.

அது மீத்தேன் வாயு. ஏரிக்கு அடியில் கிடக்கிற இலை தழை மக்குகிறது. காற்று எட்டாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை விடுகின்றன. கோடையில் அது மேலே வந்து உடைந்து காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. குளிர்காலத்தில் மேலே ஐஸ் மூடியிருப்பதால் குமிழி அதன் அடியில் முட்டிப் பரவி நிற்கிறது. ஐஸ் கீழ்நோக்கித்தான் வளரும். வளர்கிற ஐஸ் குமிழியை உள்ளே வைத்து மூடிவிடும். அடுத்த குமிழி அதற்குக் கீழே வந்து மாட்டும். ஆகவே மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது புதியது. ஒரு அடுக்கின் மேல் முட்டி போட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் குமிழியின் விளிம்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இருந்ததன் மேலே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடி, குமிழியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அந்த நேரத்தில் ஏரி எங்கோ தூரத்தில் ‘டம்’ என்று அதிர்ந்தது. ஐஸ் குளிரில் சுருங்கி விரிசல் விடுகிற சத்தமாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது நம் போட்டோத் தொழில் சமாசாரம். பனியைப் படம் எடுத்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், வெளிச்சத்தை ஒன்று ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு வரிசையே நிற்கிற கல்யாண குரூப் போட்டோவில் நாம் செய்ததுதான். இந்த ஏரியில் கதை தலைகீழ். ஃபிரேம் முழுக்கக் கறுத்த ஐஸ், நடுவில் வெள்ளைக் குமிழி. மீட்டர் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், குமிழி வெளுத்துப் போய் உள் விவரமே நிற்காது. முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்தேன். வைடு லென்ஸை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11-ல் வைத்து, மேல் குமிழியின் விளிம்பில் ஃபோகஸ். வானத்தின் பிரதிபலிப்பை வெட்ட போலரைசர் ஃபில்டர் போட்டேன். ஐஸை ஓரளவு சாய்வாகப் பார்த்தால்தான் அது வேலை செய்யும், நேர் மேலே நின்று குனிந்து எடுத்தால் பிரயோஜனமே இல்லை. அப்படி நேர் மேலே நின்று எடுக்கும்போது மகள் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி விரித்துப் பிடித்து நின்றாள், மைனஸ் 20-ல்! பிரதிபலிப்பு சுத்தமாகப் போய்விட்டது. அவளுடைய கோபம்தான் போக இரண்டு நாள் ஆனது.

பேட்டரி குளிரில் மடமடவென்று இறங்கிவிடும். செத்துவிட்டது என்று நினைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுச் சூடேற்றினால் மறுபடி உயிர் வரும். அப்புறம் வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். சித்திரையில் ஏசி மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்தால் லென்ஸ் வியர்க்குமே, அதேதான். அங்கே வீட்டுக்குள் போகும்போது வியர்க்கிறது.

ஊருக்கு வந்து டீக்கடையில் இந்தப் படங்களைக் காட்டினேன். “என்ன அண்ணே இது முட்டை முட்டையா?” என்று ஒருத்தர் கேட்டார். மீத்தேன் என்றேன். கடையே அமைதியாகிவிட்டது. “அங்கேயுமா எடுக்கிறான்?” என்றார் இன்னொருவர். பின்னே, நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்க முடியுமா? இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் அய்யா 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் இறந்ததே டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் சட்டம் வந்த பிறகும் பயம் முழுதாகப் போகவில்லை. நான் விளக்கிப் பார்த்தேன். இங்கே எடுக்க வந்தது பூமிக்கு ஆழத்தில் நிலக்கரிப் படுகையில் இருக்கிற வாயு, அந்த ஏரியில் இருப்பது மேல் சேற்றில் தானாக ஊறுகிற வாயு. உண்மையில் அந்தச் சேற்று வாயு நம் வயலிலேயே இருக்கிறது. நடவு வயலில் கால் வைத்தால் பக்கத்தில் குமுகுமுவென்று குமிழி வருமே, அதில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். மிச்சமெல்லாம் நெல் பயிரின் தண்டு வழியாகவே மேலே போய்விடுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்வதற்கும் காரணம், வயல் காயும்போது மண்ணுக்குள் காற்றுப் போகிறது என்பதுதான். இதைச் சொன்னதும் மச்சான், “அப்போ ஆயுசு முழுக்க மீத்தேன்லதான் நின்னிருக்கேனா?” என்றார். ஆமாம் மச்சான் என்றேன். அவருக்கு இன்னும் என் மேல் வருத்தம்.

எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம், சேது. பிறந்ததிலிருந்து காலுக்குக் கீழே உடைந்து போய்க்கொண்டிருந்த ஒன்றை நின்ற நிலையில் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. மலையையும் சூரிய உதயத்தையும் எடுத்தேன்தான். அதெல்லாம் காலண்டர் படம். யார் போனாலும் கிடைக்கும்.

பனித் துகளை முதன்முதலில் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885-ல் படம் எடுத்தவர் வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி. பிறகு 5,000-க்கு மேல் எடுத்திருக்கிறார். ஊரில் பைத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ, மாடு கறந்துகொண்டே அதையும் செய்திருக்கிறார். மச்சானிடம் சொன்னேன், கேமரா பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு படம் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். ஒன்று கறுப்பு வெள்ளை. இன்னொன்றில் ஐஸ் நீலமாக இருக்கும். ஒளியில் சிவப்பைக் கனத்த ஐஸ் விழுங்கிவிடுவதால் வருகிற நீலம், நான் கம்ப்யூட்டரில் ஏற்றினது இல்லை. நீ கறுப்பு வெள்ளையைத்தான் கேட்பாய். ஆனால் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நீலம் பளிச்சென்று தெரிகிறதாமே, எனவே இரண்டையும் வைத்திருக்கிறேன். சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே. பங்குனியில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு வருகிறாயா? வந்தால் கையில் தருகிறேன், இல்லையென்றால் தபாலில் அனுப்புகிறேன். எது என்று சீக்கிரம் எழுது, சட்டம் போடச் சொல்ல வேண்டும்.

உன்,
மணி