பள்ளிகளோடு ஓர் ஆய்வு மையம்: பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளிகளையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டு செயலாராய்ச்சி (ஆசிரியரே தன் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்துத் திருத்தும் ஆய்வு) செய்ய பல்கலைக்கழகத்தில் தனி மையம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் கவலை, அதற்கான கோப்பில் முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதுதான். கட்டடம், கருத்தரங்கக் கூடம், இயக்குநர் அறை என்று தொடங்கும் கோப்பு திறப்பு விழாவோடு முடிந்துவிடும். ஓர் ஆசிரியரின் வாரத்தில் எந்த இரண்டு மணி நேரம் இந்த வேலைக்குக் கிடைக்கும் என்று தொடங்கும் கோப்புக்குத்தான் ஆயுள் அதிகம். அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிப் பெறுவது, பெற்றதை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

செயலாராய்ச்சி நம் ஊருக்குப் புதிதல்ல. பி.எட்., எம்.எட். பாடத்தில் இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் (டயட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும்) நடக்கிறது. ஆனால் அது பழகிப்போன வடிவம் நமக்கெல்லாம் தெரியும்: ஒரு வகுப்பு, முப்பது மாணவர்கள், முன்தேர்வு, சில வாரம் துணைக்கருவி வைத்துப் பாடம், பின்தேர்வு, சராசரி கூடியது, டி-டெஸ்ட் (அந்த வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை), ஸ்பைரல் பைண்டிங். பின்தேர்வில் சராசரி குறைந்த அறிக்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதைச் செய்தாலும் பலன் தருகிற ஆய்விலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946-ல் இந்தச் சொல்லை விளக்கியபோது சொன்ன சுழற்சி வேறு: திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், திட்டத்தைத் திருத்து, மறுபடி செய். நாம் முதல் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 'திருத்து' என்பதை விட்டுவிட்டோம்.

மையம் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றை வைத்துச் சொல்கிறோம். இனமாற்றிக் கழித்தல், வீட்டு மொழியில் கடன் வாங்கிக் கழித்தல். 52−27 என்ற கணக்குக்கு இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். தேர்வுத்தாளில் இரண்டும் ஒரே தவறு, இரண்டுக்கும் சுழி. பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டாய், சத்தமாகச் சொல்" என்று கேட்டால் கதை மாறிவிடும். முதல் பிள்ளை, "2-ல 7 போகாது, அதனால 7-ல 2 போக 5. அப்புறம் 5-ல 2 போக 3" என்கிறது. இரண்டாவது, "ஒண்ணு கடன் வாங்கினேன், 12-ல 7 போக 5. 5-ல 2 போக 3" என்கிறது, கடன் கொடுத்த 5 நான்காகிவிட்டதை மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்கு 52 என்பது ஐந்து பத்துக்கட்டும் இரண்டு குச்சியும் என்பதே பிடிபடவில்லை. குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அது தெரியும். 5-ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் மட்டும் போதும். இருவருக்கும் ஒரு மாதம் குச்சி கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு அது வீண் வேலை.

இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை? 52−27 என்பது கேள்வியாகவே சரியில்லை என்று சொல்வது. ஒன்றின் இட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இரண்டு வகைத் தவறும் ஒரே விடையில் வந்து விழும். 71−38 கொடுத்துப் பாருங்கள்: முதல் வகை 47 என்று வரும், இரண்டாம் வகை 43 என்று வரும், சரியான விடை 33. 60−24 கொடுத்தால் மூன்றாவது வகையும் வெளியே வரும். "0-ல 4 போனா 0" என்று 40 எழுதும் பிள்ளை. இப்படி ஆறு கணக்கு கொண்ட ஒரு தாளைத் தயாரிக்க கணிதத் துறையும் கல்வியியல் துறையும் ஆசிரியரோடு ஒரு மேசையில் உட்கார வேண்டும். பிள்ளையோடு உட்கார்ந்து கேட்கும் வேலை ஆசிரியருடையது. அதை ஆய்வு மாணவர் யாரையும் அனுப்பிச் செய்துவிட முடியாது. வெளியாள் கேட்டால் பிள்ளை வாயைத் திறக்காது, அல்லது பிடித்தமான பதிலைச் சொல்லும்.

இனி அளவுகள். முதல் ஆண்டில் 12 பள்ளிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்று குறுவள மையங்கள் (அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் இடங்கள்), ஒவ்வொன்றிலும் நான்கு பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவரை மட்டும் எடுத்தால் மாறுதல் கலந்தாய்வில் அவர் போனதும் வேலையும் போய்விடும். கள ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் வேண்டும்: ஒருவருக்கு ஆறு பள்ளி, மாதத்துக்கு இரண்டு முறை என்றால் பன்னிரண்டு நாள் போய்விடும், மிச்சமுள்ள எட்டு வேலை நாளில்தான் குறிப்பு எழுதுவதும் கூட்டம் நடத்துவதும். ஒருவரிடம் பன்னிரண்டு பள்ளியைக் கொடுத்தால் அவர் பள்ளிக்குப் போவார், கையெழுத்துப் போடுவார், அடுத்த பேருந்தைப் பிடிப்பார். பள்ளிகள் எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், பேருந்து போகும் தடத்தில் இருக்கட்டும். இயக்குநர் யார் என்பதைவிட ஒருங்கிணைப்பாளர் யார் என்பதில் அதிகக் கவனம் வையுங்கள். குறைந்தது ஐந்தாண்டு வகுப்பெடுத்த ஒருவரை அயற்பணியில் எடுப்பது, முனைவர் பட்டம் பெற்ற புதியவரைத் தொகுப்பூதியத்தில் எடுப்பதைவிட நல்லது என்பது எங்கள் கருத்து.

ஆசிரியரின் நேரம் கிடைப்பதுதான் உண்மையான முட்டுக்கட்டை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அதனால் தொடக்கப் பள்ளிகளில் கூட்டம் பள்ளியிலேயே நடக்கட்டும். ஒருங்கிணைப்பாளர் ஒரு வகுப்பை எடுக்க, ஆசிரியர் நான்கு பிள்ளைகளோடு தனியே உட்காரட்டும். டயட்டின் தொடக்கக் கல்விப் பட்டய மாணவர்கள் பயிற்சிக்கு வரும் வாரங்களை இதோடு பொருத்தினால் இன்னும் எளிது. உயர்நிலைப் பள்ளிகளில் பி.எட். மாணவர்களின் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி இருக்கிறது. மையம் டயட்டைத் தாண்டிப் போகவும் கூடாது. அங்குள்ள விரிவுரையாளர்களை மையத்தின் உறுப்பினர்களாகவே சேர்க்க வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்க முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ ஆணை தேவை. வாய்மொழி அனுமதியை நம்பினால், அடுத்த சுற்றறிக்கை வந்த அன்று அந்த நேரம் பறிபோகும்.

நாட்காட்டி விஷயத்தில் பல்கலைக்கழகம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். பள்ளி ஜூனில் தொடங்குகிறது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரிக்குப் பிறகு யாரும் எதையும் புதிதாகச் செய்யமாட்டார்கள். ஆக ஜூன், ஜூலையில் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகஸ்டில் கவனிக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் முதல் மாற்றம். ஜனவரியில் திருத்திய இரண்டாம் சுற்று. நம் செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்து சரியாக முதல் மாற்றத்தின் நடுவில் உட்காரும். பேராசிரியர்களுக்கு அந்த மாதம் விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலக்குத் தரமுடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

ஊர் பற்றி. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். குழு இருக்கிறது, கையெழுத்து வாங்குகிறோம், கேள்வி கேட்பதில்லை. வருகைப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பார்த்தால் பள்ளியின் வருகை சதவீதம் நன்றாகவே இருக்கும். அதே பதிவேட்டை ஒரு சார்ட் அட்டையில், மேலே கிழமைகள், பக்கவாட்டில் தெருக்கள் அல்லது குடியிருப்புகள் என்று கட்டம் போட்டு, வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொட்டு ஒட்டுங்கள். பிள்ளை பெயர் வேண்டாம். பெயர் போட்டால் கூட்டம் அந்தத் தாயை விசாரிக்கும் கூட்டமாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒட்டினால் பொட்டுகள் எங்கே குவிகின்றன என்பது படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஏன் என்று அங்கு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தெரியும்: நூறு நாள் வேலைக்குப் போகிற நாளில் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பதில் தொடங்கி பல காரணம் வரும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். பகலில் வைத்தால் கூலியை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். வர வைத்தால் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். அதற்கு வரவு செலவில் ஒரு தலைப்பு இருக்கட்டும்.

பணம். பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், 12 பள்ளிக்கு 1,80,000. இது பெரிய தொகை அல்ல. ஜெராக்ஸ், சார்ட், குச்சி, பேருந்துக் கட்டணம், தேநீர், கூலி ஈடு. சிக்கல் தொகையில் இல்லை, அது வருகிற விதத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் வந்து மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்றால், ஆசிரியர் பீரோ வாங்கிவிடுவார். ஐந்நூறு ரூபாய்ச் செலவுக்கு மூன்று விலைப்புள்ளி கேட்டால் தன் கைக்காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார், அடுத்த ஆண்டு வரமாட்டார். ஜூனில் 7,500 முன்பணம், அக்டோபரில் கணக்குக் காட்டியதும் மீதி. இரண்டாயிரம் வரை தலைமை ஆசிரியர் சான்றளித்த ரசீது போதும் என்று நிதிக்குழு ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் தணிக்கையிலும் தகராறு வராது.

ஒழுக்கநெறிக் குழுவை மருத்துவ ஆய்வுக் குழுவின் படிவத்தோடு ஆரம்பிக்காதீர்கள். இங்கே ஆபத்து வேறு மாதிரி. ஆசிரியரே ஆய்வாளர் என்பதால் பிள்ளையால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. ஆகவே பாடத்தில் எல்லாப் பிள்ளையும் இருக்கும், யாருடைய சொல்லும் எழுத்தும் அறிக்கையில் வரலாம் என்பதற்கு மட்டும் தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையும் வரை குழந்தை என்கிறது; ஆகவே அந்த ஒப்புதலைப் பெற்றோரிடம் வாங்க வேண்டும். கைபேசியில் எடுத்த வீடியோவை வாட்ஸப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். பெயரை மாற்றிவிட்டால் மறைந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. ஊரில் சத்துணவு அமைப்பாளர் ஒரே ஒருவர்தான். யார் எந்த வரிசையில் உட்கார்கிறார்கள், யார் எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் நேர்மையாகக் குறித்துவைத்தால், அந்த நோட்டு வெளியே போன அன்று அவருக்கு யார் துணை? அதனால் எழுத்து மூன்று படியாக வெளியே போகட்டும்: முதலில் எழுதிய ஆசிரியர்கள், பிறகு மேலாண்மைக் குழு, அதன் பிறகே வெளியார். எந்தப் படியிலும் நிறுத்திவைக்கும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும். கல்வி அலுவலர்கள் ஆய்வுக்கு வரும்போது இந்தக் குறிப்பேடுகளைக் கேட்கக் கூடாது என்பதும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் ஆசிரியர் தோற்றதை எழுதமாட்டார். மறுபடி எல்லா ஆய்வும் வெற்றி பெறும்.

எங்கும் நடக்காததைக் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் 1970-ல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் தொடங்கிய மையம் இத்துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம். 'ஆசிரியரே ஆய்வாளர்' என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. நமக்கு அதைவிட நெருக்கமானது மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்). 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஊரில் வந்து தங்கி வேலை செய்தார்கள். ஆசிரியர்களின் மாதக் கூட்டத்திலிருந்து வந்த குறைகளைக் கொண்டே பாடநூலைத் திருத்தினார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் விரிந்தது. 1982-ல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி அதைத் தாங்கியது. முப்பதாண்டு ஓடிய அந்த வேலையை 2002-ல் மாநில அரசு ஓர் ஆணையில் நிறுத்தியது. பள்ளிக்குள் நடப்பது அரசின் அனுமதியில் நடப்பது. எனவே மையத்தைத் துணைவேந்தரின் விருப்பத்தில் தொங்கவிடாமல், பல்கலைக்கழக விதிகளில் ஒன்றாக, பள்ளிக் கல்வித் துறையோடு ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு நிறுத்துங்கள். ஆலோசனைக் குழுவில் பதினோரு பேர் என்றால் ஆறு பேர் வகுப்பறை ஆசிரியர்களும் பெற்றோரும். ஆராய்ச்சிக் கேள்வியை அவர்கள் ஏற்காமல் எந்தத் திட்டமும் தொடங்கக் கூடாது.

பேராசிரியர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்கோபஸ் (பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளம்) பட்டியலில் வரும் கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், மாதம் இரண்டு நாள் ஈராசிரியர் பள்ளியில் உட்காரச் சொல்வது அவர்கள் பதவி உயர்வைப் பறிப்பதற்குச் சமம். தமிழில் வெளியாகும் எட்டுப் பக்க வகுப்பறை அறிக்கைக்கும் அகமதிப்பீட்டில் இடம் கொடுங்கள். ஆசிரியர் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் அடுத்து.

ஆணை ஏப்ரலுக்குள் வந்தால் மே மாதம் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஜூனில் தொடங்கலாம். ஆகஸ்டில்தான் வரும் என்றால், அவசரப்பட்டு அந்த ஆண்டே தொடங்க வேண்டாம். மீதி மாதங்களில் ஒருங்கிணைப்பாளர்கள் இருவரையும் நியமித்து, 12 பள்ளிகளுக்கும் அவர்கள் வெறுமனே போய்வரட்டும். எந்தப் படிவமும் கையில் இல்லாமல்.

இப்படிக்கு,
பள்ளி வகுப்பறைகளிலும் கல்வியியல் துறைகளிலும் பணிபுரியும் சிலர்