பாவாடை மாட்ட மறுத்த டோனி ஸ்டோனுக்கு

அன்புள்ள டோனி ஸ்டோன் அவர்களுக்கு,

உங்களைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது ஒரே விஷயம்தான்: பேஸ்பாலில் பேர்போன ஹாங்க் ஆரன் விட்டுப்போன இடத்தைப் பிடித்த பெண். ஆரன் 1952இல், அமெரிக்காவில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்கின் இண்டியானாபொலிஸ் க்ளவுன்ஸ் அணியை விட்டுப் போனதும் 1953இல் நீங்கள் வந்ததும் உண்மைதான், ஆனால் அங்கே அவர் ஆடியது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்), நீங்கள் நின்றது செகண்ட் பேஸ், அதாவது ஓடி வருகிறவர் தொட வேண்டிய இரண்டாவது பேஸைக் காக்கும் இடம். அதற்கும் முன்னால் சான் பிரான்சிஸ்கோ ஸீ லயன்ஸ், நியூ ஆர்லியன்ஸ் க்ரியோல்ஸ் அணிகளுக்காக ஊர் ஊராக பஸ்ஸில் போய் வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறீர்கள். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

சூயிங்கம் முதலாளி ரிக்லி 1943இல் பெண்களுக்கென்றே ஆரம்பித்த பேஸ்பால் லீக் 1954 வரை நடந்தது, 600 பெண்களுக்கு மேல் சம்பளம் வாங்கி ஆடினார்கள், அதில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. அங்கே சீருடையே குட்டைப் பாவாடை. மண்ணில் சறுக்கி பேஸைத் தொடும்போது தொடைத் தோல் உரிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டார்கள் என்று ஆண்களின் நீக்ரோ லீக்குக்கு வந்தால், க்ளவுன்ஸ் முதலாளியும் அதே பாவாடையைக் கேட்கிறார்! முடியாது என்றீர்கள். டிக்கெட் விற்க உங்களை எடுத்தார்கள், நீங்களோ செகண்ட் பேஸ் ஆட வந்திருந்தீர்கள். ஸ்பைக் ஷூவை நீட்டிக்கொண்டு முழு வேகத்தில் சறுக்கி வருகிறவனுக்கு எதிரே நிற்க வேண்டிய இடம் அது. உடை மாற்ற நடுவர்களின் அறையைத்தான் கொடுத்தார்கள், அதையும் பெரிதுபடுத்தவில்லை நீங்கள்.

எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. இனப் பிரிவினை இருந்த தெற்கு மாநிலங்களில் அணிக்குத் தங்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. பஸ் நிறைய ஆண்களோடு வந்து இறங்கும் ஒரே பெண் என்பதால் விடுதிக்காரர்கள் தப்பாக நினைத்து, பாலியல் தொழில் நடக்கும் வீட்டுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். நீங்களும் போனீர்கள். அங்கிருந்த பெண்கள் சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்தார்கள்; அவர்களில் ஒருவர், வேகமாக வரும் பந்து மார்பில் பட்டால் அடிபடக் கூடாதே என்று உங்கள் சட்டைக்குள் பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். லீக், முதலாளி, பயிற்சியாளர் என்று எத்தனை பேர் இருந்தார்கள், உங்கள் உடம்புக்கு அடிபடும் என்று யோசித்து ஊசியைக் கையில் எடுத்தது அந்தப் பெண்தான்.

1954இல் நீங்கள் மாறிப்போன கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணி உங்களைப் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார வைத்தது. அந்த சீசனோடு விலகிவிட்டீர்கள். அப்புறம் ஓக்லாந்தில் நர்ஸ் வேலை. ஆடத் தெரிந்தவரை உட்கார வைத்துவிட்டு, பெண்ணால் முடியவில்லை என்று பேசினால் அது என்ன நியாயம்?

அடுத்த கடிதம் மேமி ஜான்சனுக்கு. நீங்கள் இருந்தபோதே க்ளவுன்ஸுக்குப் பந்து வீச வந்தவர், அந்தப் பெண்கள் லீக்கின் தேர்வுக்குப் போய் நிறத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ரசிகை