குளிரை விடியலே தரும்

காவேரிப்பட்டணம்,
மார்கழி 12.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கும்பிடுபூச்சிப் படத்தை நானும் அம்மாவும் பலமுறை பார்த்தோம். நிறம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால், அசையாமல் இருக்கட்டும் என்று அதைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்ததாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. முன்கால்கள் தளர்ந்து, உணர்கொம்புகள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாலே அது தானாக உட்கார்ந்த பூச்சி அல்ல என்று தெரிந்துவிடுகிறது. இனி அப்படிச் செய்யாதே, கண்ணு.

நீ தேடும் குளிரை விடியற்காலையே தருகிறது. இன்று ஆறரை மணிக்கு நம் மாந்தோப்பு வாய்க்கால் வரப்பில், ஒரு தட்டான் புல் தாளைப் பற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை முழுவதும் பனித்துளி. உடல் சூடேறும் வரை அதனால் பறக்க முடியாது என்பதால் ஒரு சாண் தூரம் வரை நெருங்கினேன். வெயில் பட்டதும் இறக்கைகள் மெல்ல நடுங்கத் தொடங்கின. அது புறப்படத் தயாராகிறது என்று புரிந்துகொண்டு விலகிவிட்டேன்.

பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே கேமராவின் சென்சாரில் பதிக்கும்போது, லென்ஸ் துளையை எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். எண்ணை 16-க்கு மேல் ஏற்றி துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். ஆகவே ஆழத்துக்கு ஆசைப்படாமல், தட்டானின் பக்கவாட்டுக்கு நேராக கேமராவை வைத்து, தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் அமையும்படி பார்த்துக்கொள். முகத்தை எடுப்பதானால் அருகிலுள்ள கண் தெளிவாக இருக்க வேண்டும்; மற்றவை மங்கினாலும் பரவாயில்லை.

ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிடு. இடக்கையின் இரு விரல்களால் புல் தாளை மெதுவாகப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வை. காற்றடித்தாலும் பூச்சியும் லென்ஸும் சேர்ந்தே அசையும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், லென்ஸை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, கண் துலங்கும் கணத்தில் அழுத்து. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

ஃபிளாஷின் முன்னால் ட்ரேசிங் பேப்பரை வளைத்துக் கட்டு. இல்லாவிட்டால் பளபளக்கும் உடலில் வெள்ளைப் புள்ளிகள் விழும். வெயில் ஏறிய பிறகு எடுப்பதானால் உன் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. போன மாதம் என் தொப்பியின் நிழலால் ஒரு நல்ல தட்டான் பறந்துபோனது. ஆனாலும் அது பழைய குச்சிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. பல தட்டான்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. துரத்தாமல் குச்சியருகே காத்திருந்தால் போதும்.

பொங்கலுக்கு வரும்போது கேமராவோடு ஷூவும் டார்ச் லைட்டும் எடுத்து வா. வரப்புப் புல்லில் இருட்டோடு நடக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா