விளிம்பைக் காட்டுங்கள்: அட்டைத் தரச்சான்று நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் விளையாட்டு அட்டைகளுக்குத் தரச்சான்று வழங்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளை நேசிக்கிறவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்கப்பட்ட டி206 வரிசையில், மூலை மழுங்கி, நடுவே மடிப்பு விழுந்த அட்டையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. நான்கு மூலைகளும் ஊசிபோல் நிற்க, நீங்கள் பத்துக்கு 8 அல்லது 9 என்று தரம் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புகிறீர்களே, அந்த அட்டைதான் என்னை உறுத்துகிறது.

உங்களில் ஒன்றான பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் தரம் பார்த்த அட்டை எது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த, டி206 வரிசையைச் சேர்ந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. கிடைத்த தரம் 8. பல கை மாறி 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கெல்லாம் முன்பே அதன் ஓரங்களை வெட்டியது தாம்தான் என்று ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. ஓரம் வெட்டிய அட்டைக்கு எண் தரம் கிடையாது என்பது நீங்களே வகுத்த விதி. அப்படியானால் 22 ஆண்டுகள் ஒவ்வொருவரும் நம்பிப் பணம் கொடுத்த அந்த எட்டு எதற்குச் சான்று?

முழுப் போலியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அதைப் பிடிக்க வழி இருக்கிறது. இன்றைய காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால் புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். 1910-ஆம் ஆண்டுக் காகிதம் ஒளிராது. ஆனால் அசல் அட்டையின் தேய்ந்த ஓரத்தை மயிரிழை அளவு சீவிவிட்டால் விளக்கால் என்ன செய்ய முடியும்? காகிதமும் மையும் பழையவை. வெட்டு மட்டும்தான் புதிது. அதைச் சொல்லக்கூடியது விளிம்பு ஒன்றுதான். பழைய விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நார்கள் லேசாகப் பிரிந்து, அழுக்கேறி, முகப்பின் நிறத்துக்கே பழுத்திருக்கும். புது விளிம்பு வெளுத்து, இறுக்கமாக இருக்கும். சில இடங்களில் கத்தி சாய்ந்த தடம்கூடத் தெரியும். இதையெல்லாம் பார்ப்பவர்கள் நீங்கள் மட்டுமே. பார்த்த கையோடு உறையை மூடிவிடுகிறீர்கள். சாட்சியை உள்ளே பூட்டிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வெளியே ஒட்டுகிறீர்கள்.

அட்டையை அச்சிட்ட ஆலையிலேயே வெட்டு முன்பின் போயிருக்கும், குறுகலான அட்டையெல்லாம் சீவப்பட்டது ஆகாது என்பீர்கள். உண்மைதான். ஆலையில் சற்றுப் பெரிதாக விழுந்த அட்டையைச் சீவி அகலம் 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8 அங்குலம் என்ற டி206-இன் வழக்கமான அளவுக்குக் கொண்டுவர முடியும் என்பதும் அதே அளவு உண்மை.

நூறாண்டு அட்டை புதிதுபோல் இருக்கவே முடியாது என்று நான் வாதிடவில்லை. 2012-இல் ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில், ஒரு வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியிலிருந்து 1910 வாக்கில் அச்சான ஏறத்தாழ 700 அட்டைகள் பளிச்சென்று வெளிவந்தன. இறைச்சிக் கடை வைத்திருந்த தாத்தா வீட்டில் யார் கையும் படாமல் கிடந்தவை அவை. அவற்றின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். உங்கள் உறைகளில் இருக்கும் மற்ற உயர்தர அட்டைகள் எந்தப் பரணிலிருந்து வந்தன?

அட்டையை அனுப்புகிறவர்தான் உங்களுக்குப் பணம் கட்டுகிறார். அட்டையின் மதிப்புக்கு ஏற்பக் கட்டணமும் ஏறுகிறது. தரத்தில் ஓர் எண் கூடினால் விலை பல மடங்கு தாவும் இந்தச் சந்தையில், நேர்மையான பரிசோதகரின் தீர்ப்பைக்கூட இந்த ஏற்பாடு சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறது.

ஆகவே கேட்கிறேன். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய அட்டைக்கு 7 அல்லது அதற்கு மேல் தரம் கொடுத்தால், உறையை மூடும் முன் நான்கு விளிம்புகளையும் பெரிதாக்கிப் படம் எடுங்கள். அளந்த அளவோடு அதை, நீங்கள் ஒவ்வோர் அட்டைக்கும் கொடுக்கும் சான்று எண்ணின் கீழ் யாரும் பார்க்கும்படி வையுங்கள். அனுப்பியவர் எங்கே வாங்கியதாகச் சொன்னார் என்பதையும் சேருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். சீவப்பட்டது என்று பின்னால் தெரிய வந்தால், உரிமையாளருக்கு இழப்பீடு கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த எண்ணைப் பகிரங்கமாக ரத்துசெய்து காரணத்தையும் வெளியிடுங்கள். தொடக்க ஆண்டுகளில் நீங்கள் மூடிய உறைகளை, உரிமையாளர் விரும்பினால், கட்டணம் வாங்காமல் திறந்து மறுபடி பாருங்கள். ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த சான்று அது. அதைச் சரிபார்க்கும் செலவு உங்களுடையதுதான்.

இப்படிக்கு,
பழைய அட்டைகளைச் சேர்ப்பவன்