குளத்தைத் தாங்கி ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாரி பிறந்தால் கைப்பேசிக்கு வரும் வெள்ள அறிவித்தல்களில் ‘தாங்கி நிரம்பி வழிகிறது’ என்ற மாதிரி வசனங்கள் தலைகாட்டுகின்றன. ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்று கிடந்ததை அப்படியே மாற்றியதால் வரும் பிழை இது. மட்டக்களப்பில் உன்னிச்சையிலும் நவகிரியிலும் இருப்பவை குளங்கள். தாங்கி என்பது கூரைமேல் வைக்கும் தண்ணீர்த் தாங்கி, மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி.

ஆங்கிலத்திலேயே ‘டாங்க்’ என்ற சொல்லுக்குக் குளம் என்ற பொருள் பழையது. 17ஆம் நூற்றாண்டில் குஜராத்தி, மராத்தி பேசுவோரிடமிருந்து நீர்த்தேக்கத்தின் பெயராகவே ஆங்கிலேயர் அதை எடுத்தார்கள்; போர்த்துக்கேயரின் ‘டாங்கே’யும் கைகொடுத்தது. யுத்த தாங்கி 1916இல் வந்தது. ஆயுதம் என்று வெளியே தெரியாதிருக்கத் தண்ணீர்க்கலம் செய்கிறோம் என்று சொல்லிக் கட்டினார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதைவிட ஆபத்தானது ‘ஸ்பில்’ என்பதை ‘வழிகிறது’ என்று எழுதுவது. குளம் நிரம்பினால் மிகைநீர், அதற்கென்று அமைத்த வான் என்ற வெளியேறு வழியால் போகும். அதைத்தான் வான் பாய்கிறது என்கிறோம். குளக்கட்டைக் காப்பதற்கென்றே வான் வைத்திருக்கிறார்கள். ‘வழிகிறது’ என்றால் கட்டுக்கு மேலால் வழிவதாகப் படிப்பார்கள். மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் போனால் வெளிச்சரிவு அரிபட்டு உடைப்பெடுக்கும். ஊரே எழும்பி ஓட வேண்டிய செய்தி அது.

‘கதவு திறந்தாச்சு’ என்பதும் போதாது. வான்கதவு திறந்தால் தண்ணீர் ஆற்றுக்குப் போகும், ஆற்றோரத்தார் மாடுகளை மேட்டுக்குச் சாய்க்க வேண்டும். வயலுக்கு நீர் விடும் மதகான துருசு திறந்தால் வாய்க்காலுக்குப் போகும், வட்டைக்காரர் (வயல்காரர்) வரம்பு பார்க்க வேண்டும்.

நீர்மட்டத்தையும் கவனியுங்கள். அளவுகோலை வழக்கமாகத் துருசின் அடிமட்டத்திலிருந்தே கணக்கிடுவார்கள். அதற்குக் கீழே துருசால் இறங்காத தண்ணீர் தேங்கி நிற்கும். ‘2 அடி’ என்று வாசித்துப் பிள்ளைகள் குளிக்க இறங்கினால், கால் எட்டாத ஆழம் இருக்கும்.

செய்தியை இப்படிப் போடலாம்: ‘உன்னிச்சைக் குளத்தின் இரண்டு வான்கதவுகள் காலை 6 மணி முதல் 6 அங்குலம் திறந்துள்ளன. கட்டுக்கு ஆபத்தில்லை. ஆற்றோரத்தில் இருப்போர் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோகவும்.’

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆயித்தியமலை, மட்டக்களப்பு