44 விக்கெட் கணக்கு

அன்புள்ள சுமதி,

தீபாவளிக்கு முன்னாடி நீ போட்ட கடிதத்துக்கும், போன வாரம் போட்டதுக்கும் சேர்த்து இதான் பதில். திட்டணும்னா நேர்ல திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம், மழைதான் விட மாட்டேங்குது.

2025 நவம்பர் 2 ராத்திரி நவி மும்பையில உலகக் கோப்பையை ஜெயிச்ச நம்ம பொண்ணுங்க, ஓய்வு பெற்ற வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி கையில கப்பைக் கொடுத்தாங்களே, அதுக்கு கோமதி "ஆடாதவளுக்கு எதுக்கு கப்பு?"ன்னு கேட்டாளாம். அது கோமதி, கேப்பா. நீயும் கூடச் சேர்ந்துக்கிட்டு "டெஸ்ட்ல வெறும் 44 விக்கெட்தானே"ன்னு எழுதியிருக்கியே! ஏண்டி, கணக்கு டீச்சர்தானே நீ? 44ஐ எதால வகுக்கணும்னு பாத்தியா? இருபது வருஷத்துல அவளுக்குக் கிடைச்ச டெஸ்டே 12தான்.

அதுலயும் 2006ஐப் பாரு. இங்கிலாந்துல டான்டன் மைதானம். முதல் இன்னிங்ஸ்ல அவ 33 ரன்னுக்கு 5 விக்கெட், ரெண்டாவதுல 45க்கு 5. இங்கிலாந்து மண்ணுல நம்ம பொண்ணுங்க ஜெயிச்ச முதல் டெஸ்ட் அது. அப்ப அவளுக்கு 23 வயசு. அடுத்த டெஸ்ட் எப்ப தெரியுமா? 2014 ஆகஸ்ட், அதே இங்கிலாந்துல வார்ம்ஸ்லி. அவ காயத்துல கிடக்கல, அணியை விட்டுத் தூக்கவும் இல்ல. இந்தியப் பெண்களுக்கு நடுவுல டெஸ்டே வைக்கல. வேகப்பந்து வீசுறவளுக்கு 23லேருந்து 31 வரைக்கும்தான் உடம்பு முழுசா ஒத்துழைக்கும். அந்த எட்டு வருஷம் அப்படியே போச்சு. ஒருநாள்ல ஆட விட்டாங்க, அங்க மொத்தமா 204 ஆட்டத்துல 255 விக்கெட். கோமதி கிட்ட இதைச் சொல்லு.

உன் பிள்ளைங்களுக்கு இன்கட்டர், அதான் குத்தினதும் வலது கை பேட்ஸ்மேனைப் பார்த்து உள்ள திரும்புற பந்து, சொல்லிக்கொடுக்கணும்னு கேட்டிருந்தே. வலது கையால வீசுற பிள்ளையா இருந்தா, ஆள்காட்டி விரலும் நடு விரலும் தையல் மேல இருக்கட்டும். பந்தை விடுற நேரத்துல ரெண்டு விரலையும் பந்தோட வலப்பக்கமா இழுத்து இறக்கணும். வேலை விரல்லதான், தோள் திரும்பக் கூடாது. பிள்ளைங்க பண்ற தப்பு, விரலை இழுக்கிற அவசரத்துல கை வேகத்தைக் குறைச்சிடுவாங்க. பேட்ஸ்மேன் கையைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா. இன்னொண்ணு லைன். ஆஃப் ஸ்டம்ப் மேலயே குத்தினா உள்ள திரும்பி லெக் பக்கம் போயிடும், ஃபைன் லெக்ல நாலு ரன். ஆஃபுக்கு வெளிய ஒரு கையகலம் தள்ளிக் குத்தச் சொல்லு. ஷார்ட்டா விழுந்தா பின்னங்கால்ல போய் நிதானமா வெட்டிடுவாங்க. ஆம்பளைங்க ஆடுற பந்தைக் கொடுக்காதே, அது 156 கிராமுக்கு மேல. பெண்களுக்கு 140லேருந்து 151 கிராம்தான். சின்ன விரலுக்கு அந்த வித்தியாசம் பெருசு.

ஜூலனுக்கு 5 அடி 11 அங்குலம், கை நேரா மேலேருந்து வரும். அதனால நல்ல லெங்த்ல விழுந்தாலும் பந்து எகிறும். உள்ள வர்ற பந்துக்கே எல்லாரும் தயாரா இருப்பாங்க, அப்ப ஒண்ணு திரும்பாம நேரா போகும். 2017 உலகக் கோப்பை அரையிறுதியில ஆஸ்திரேலியா கேப்டன் மெக் லானிங் ஆஃப் ஸ்டம்ப்பைப் பறிகொடுத்தது அப்படித்தான், 0 ரன்ல. லார்ட்ஸ்ல இங்கிலாந்தோட நடந்த ஃபைனல்ல ஜூலனுக்கு 10 ஓவர், 23 ரன், 3 விக்கெட். சாரா டெய்லர் கீப்பர் கையில, அடுத்த பந்துலயே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. அப்புறம் நாம 191க்கு 3லேருந்து 219க்கு ஆல் அவுட். ஒன்பது ரன்ல தோத்தோம்! சரி விடு, இதைப் பேசினா எனக்குச் சோறு இறங்காது.

அதே லார்ட்ஸ்ல 2022 செப்டம்பர் 24 அவளோட கடைசி ஆட்டம். அதுலேருந்து 33ஆவது நாள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம்னு இந்திய கிரிக்கெட் போர்டு அறிவிச்சது, டெஸ்டுக்கு 15 லட்சம். அடுத்த மார்ச்ல பெண்கள் பிரீமியர் லீக் வந்தது. அதுல அவ ஆட இல்ல, மும்பை அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சி கொடுக்கத்தான் போனா. எல்லாம் அவ விட்டப்புறம்தான் வந்தது. அதனாலதான் அந்த நவி மும்பை ராத்திரி கேப்டன் ஹர்மன் கப்பைத் தூக்கிக் கொடுத்தப்ப அவ அழுததுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

பொங்கலுக்கு வர்றப்ப தையல் தேயாத பந்து ஒண்ணு கொண்டு வா, விரல் எங்க வைக்கணும்னு காட்டுறேன். கோமதியையும் இழுத்துட்டு வா. அவளை பேட் பிடிக்கச் சொல்லலாம்.

உன்,
வாசுகி