கோளாறு படத்திலா, பெட்டியிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவற்றின் தந்திரக் காட்சிகளை 'இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் அதில் பாதிக்குமேல் எடுத்தவர்களின் குற்றமில்லை, நாம் போட்டுப் பார்க்கிற லட்சணம்.

1954-ல் வந்த ஜப்பானிய 'காட்ஸில்லா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உடைக்குள் ஒரு ஆள், சுற்றிலும் 25-ல் ஒரு பங்கு அளவில் டோக்கியோ. ஒரு பொருள் கீழே விழ எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25-க்கு வர்க்கமூலம் 5, அதாவது பொம்மைக் கட்டடம் நிஜத்தைவிட 5 மடங்கு சீக்கிரம் விழுந்துவிடும். பொம்மைக் கட்டடம் நிஜக் கட்டடம்போல் கனமாகச் சரிய வேண்டுமானால், கணக்குப்படி கேமராவை 5 மடங்கு வேகத்தில் ஓட்டி வினாடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) எடுத்து, அதை வழக்கமான 24-ல் ஓட்டிக் காட்ட வேண்டும். தந்திரக் காட்சிகளை இயக்கிய எய்ஜி சுபுராயாவின் குழு கேமராவை வேகமாக ஓட்டித்தான் அந்த மிருகத்துக்கு எடையைக் கொடுத்தது. இந்தக் கணக்குக்கு அடங்காதவை தண்ணீரும் நெருப்பும். கப்பலைச் சுருக்கலாம், தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. அதனால்தான் பழைய படங்களில் பொம்மைக் கப்பலை எப்போதும் அலை காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தக் குறையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

இன்றைய டிவி இதே படத்தை என்ன செய்கிறது? 24 ஃபிரேமுக்கு நடுவே தானாகவே புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது. படத்தின் வேகம் மாறுவதில்லை, ஆனால் அசைவு முழுக்க நேரடி ஒளிபரப்புபோல வழவழவென்று ஆகிவிடுகிறது. உடனே டோக்கியோ மறைந்து, ஸ்டுடியோவில் ரப்பர் உடை போட்ட ஆள்தான் தெரிகிறார். எல்ஜியில் இதற்குப் பெயர் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி'. எதுவானாலும் அணைத்துவிட வேண்டியதுதான். 'ஃபிலிம்மேக்கர் மோட்' உள்ள டிவியானால் அதைப் போட்டாலே போதும். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்திருக்கும் 'விவிட்' மோடிலேயே வீட்டிலும் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் பாயும்.

வெளிச்சத்தைக் கூட்டினால் வரும் வினைக்கு நல்ல சாட்சி, 1953-ன் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்'. செவ்வாய்க்காரர்களின் போர் எந்திரங்கள் ஒயரில் தொங்கியவை. அக்கால டெக்னிகலர் வண்ண முறைப் பிரிண்டில் கறுப்பு நல்ல அடர்த்தியாக இருந்ததால் ஒயர் அதற்குள் ஒளிந்துகொண்டது. பிற்காலப் பிரிண்டுகளிலும் டிவிடியிலும் இருட்டை வெளுத்தார்கள். ஒயர் கட்டுக்கட்டாக வெளியே வந்தது, படத்துக்கும் கெட்ட பெயர். 2018-ல் பாராமவுண்ட் 4கே தரத்தில் சீரமைத்தபோது ஒயர்களைக் கணினியில் நீக்கியது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்றைய ரசிகன் பார்க்காததை இன்றைய ரசிகனும் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்குச் செய்தது வேறு. 2006 முதல் விண்கலக் காட்சிகளையே எடுத்துவிட்டு கணினிக் காட்சிகளை ஒட்டினார்கள். 11 அடி மாடலின் மேல் விழுந்த நிஜ விளக்கொளிக்கும் உள்ளே நடிகர்கள் மேல் விழுந்த ஒளிக்கும் ஒரு ஒட்டுறவு இருந்தது. புதுக் காட்சியில் அது இல்லை. கலத்திலிருந்து கிரகத்துக்கு ஆட்களைக் கரைத்து அனுப்பும் அந்த மினுமினுப்பு, வெளிச்சத்தில் அலுமினியப் பொடியைத் தூவிப் படம்பிடித்தது. வாராவாரம் கலம் தரையிறங்குவதைக் காட்டப் பணம் இல்லாததால் பிறந்த யோசனை! புளூரே வாங்குபவர்கள் மெனுவில் பழைய காட்சிகளையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அந்த வசதி இருக்கிறது.

நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் சங்கீதத்துக்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலப் படங்களில் அவர்கள் பெரும்பாலும் நாட்டைப் பிடிக்க வருவார்கள். பாட்டுக்கு ஆள் தேடி வந்தது தமிழில்தான். செட்டும் உடையும் சுமார்தான், மறைக்க வேண்டியதில்லை. கற்பனை சுமார் இல்லை. 4:3 வடிவிலுள்ள இந்தப் படத்தை இன்றைய அகலமான 16:9 திரைக்கு இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும். எம்.ஜி.ஆர். குண்டாகத் தெரிவதை மதுரையில் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை. இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினாலோ மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

கட்டுரையாளர் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யையும் இந்தப் பட்டியலில் சேர்த்ததைத்தான் ஏற்க முடியவில்லை. 1968-ல் வந்த அந்தப் படத்துக்காக இயக்குநர் குப்ரிக்கின் குழு டிஸ்கவரி விண்கலத்துக்கு 54 அடி நீள மாடல் கட்டியது. லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பல வினாடிகள் ஒளி கொடுத்து எடுத்தார்கள். முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றுபோல் துல்லியமாக இருந்தால்தான் கண் அதைப் பெரிய பொருள் என்று நம்பும், ஒரு முனை மங்கினால் பொம்மை என்று பிடித்துவிடும். ஒரே நெகட்டிவைத் திரும்ப ஓட்டி அடுத்தடுத்த பகுதிகளைப் பதித்ததால் நகலுக்கு நகல் எடுக்கும்போது கூடும் புள்ளிப்புள்ளியான மங்கலும் குறைந்தது. இந்தப் படத்துக்கு டிவியில் 'ஆட்டோ வால்யூம்' கண்டிப்பாகக் கூடாது. கலத்துக்கு வெளியே ஒரு விண்வெளி வீரர் சாகும் காட்சிக்கு, அவர் மூச்சுச் சத்தம் நின்று அடுத்து வரும் நிசப்தம்தான் உயிர். அங்கே டிவி தானாகச் சத்தத்தைக் கூட்டினால் வெறும் இரைச்சல் கேட்கும்.

மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்து ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் ஓடிய காலத்தில் இதையெல்லாம் ஆபரேட்டர் பார்த்துக்கொண்டார். இப்போது கல்லூரி அரங்கிலும் நூலகத்திலும் லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் வைத்துப் போடுகிறவர்கள்தான் ஆபரேட்டர்கள். அவர்கள் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை (வினாடிக்குத் திரை புதுப்பிக்கப்படும் எண்ணிக்கையை) 24-க்கு மாற்ற வேண்டும். புரொஜெக்டர் அதை ஏற்காவிட்டால் 60-லேயே விடலாம், கேமரா பக்கவாட்டில் நகரும்போது லேசாகத் திக்கும், அதற்கு வழியில்லை. புரொஜெக்டரைத் திரைக்கு நேராக, சரியான உயரத்தில் வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டுக் கோணலைத் திருத்தும் கீஸ்டோன் வசதியால் சரிக்கட்டினால் கூர்மை போகும். திரைக்கு மேலுள்ள டியூப்லைட்டை அணையுங்கள், முன்வரிசையில் ஒன்று எரிந்தாலும் கறுப்பு சாம்பலாகிவிடும். புரொஜெக்டரின் அகல உயர அமைப்பு 'ஆட்டோ'வில் இருக்கட்டும். கூட்டம் வருமுன் படத்தில் வட்டமான ஏதாவது ஒரு பொருளில் நிறுத்திப் பாருங்கள். '2001' என்றால் ஹால் 9000 கணினியின் சிவப்புக் கண் இருக்கிறது. வட்டமாகத் தெரிந்தால் ஓட்டலாம். முட்டையாகத் தெரிந்தால் முதலில் புரொஜெக்டர் மெனு, அதிலும் சரியாகாவிட்டால் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் 'ஏ' (A) விசையை வட்டம் வரும்வரை தட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.